சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்து அமர்ந்தவர்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும்படி அவருடைய பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள். புகழ்மாலை கட்ட எனக்கு வராது. கட்டினாலும் அண்ணன் சிரித்திருப்பார்.

இலங்கை மலையகத்தின் லிந்துலையில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அவர். அப்பாவுக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு அண்ணனை ஹட்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். என்னைக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பினார்கள். எனக்குப் பொல்லாத கோபம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து அதில் பாதியைத் தணித்தார். மீதிப் பாதியோடு அவருக்குச் சோறு போட்டேன்.

பேராதனையில் பட்டம் பெற்று வந்தபோது மாரியம்மன் கோயிலில் தோட்டமே கூடிப் பொங்கல் வைத்தது. வேலைதான் கிடைக்கவில்லை. எந்த அரசாங்க விண்ணப்பத்தை எடுத்தாலும் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கேட்டார்கள். சுதந்திரம் கிடைத்த வருடத்திலேயே வந்த சட்டம் அந்த உரிமையைத் தோட்டத் தமிழரான எங்களிடமிருந்து பறித்திருந்தது. பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டதற்குப் பதிலும் இல்லை.

ஒன்றரை வருடம் இப்படியே போனது. "படிச்சி என்னாத்தக் கண்டீங்க? பேசாம காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்கு வந்து பேரப் பதிங்க" என்றார் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மாமா.

"வாறேன் மாமா, கவ்வாத்துக் கத்தியத் தீட்டி வைங்க" என்று சிரித்துவிட்டு, அடுத்த விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தார் அண்ணன். அவர் சோர்ந்து நான் பார்த்ததில்லை. அவருக்காக நாங்கள்தான் சோர்ந்தோம்.

கடைசியில் ஹட்டனில் ஒரு தனியார் பாடசாலை கணித ஆசிரியர் தேடியது. அங்கே பிரஜாவுரிமை கேட்கவில்லை. அதுவும் கைவிட்டுப் போனால் தோட்டத்தில் பேர் பதிவதுதான் வழி. கணக்கப்பிள்ளையிடம் இரவல் வாங்கிய சப்பாத்தோடு ரயிலேறினார்.

அன்று நடந்ததை அவரே எங்களுக்குச் சொன்னார். நேர்முகத்துக்கு அழைத்த அறை வாசலில் ஒரு துரையின் தொப்பி மாட்டியிருந்ததாம்; பாடசாலை நிர்வாகக் குழுவில் ஒரு தோட்டத்து வெள்ளைக்காரத் துரையும் இருந்தார். அதைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போய்க் கைகட்டி நின்றிருக்கிறார். துரை முன்னால் எங்களில் யாரும் காலில் எதுவும் போட்டதில்லை, உட்கார்ந்ததும் இல்லை. துரை அவர் காலையே பார்த்தாராம்.

யாழ்ப்பாணத்துக்காரரான பாடசாலை அதிபர்தான், "தம்பி, ஏன் நிக்கிறீர்? இரும்" என்றிருக்கிறார்.

அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது. "மன்னிக்கணும் சார், ஒரு நிமிசம்" என்று வெளியே போய், சப்பாத்தை மாட்டி, நாடாவையும் கட்டிக்கொண்டு வந்து, துரைக்கு நேரெதிர் நாற்காலியில் உட்கார்ந்தாராம்.

"லயத்துப் பழக்கம் சார். இப்ப கேளுங்க."

வேலை போச்சு என்று அம்மா தலையில் கைவைத்தார்.

"நான்தான்டா ஒன்ன அப்பிடிப் பழக்கிவிட்டேன்" என்றார் அப்பா. "வேல கெடைக்காட்டியும் போகுது. நீ ஒக்காந்தியே, அது போதும்."

என்னுடைய மீதிக் கோபமும் அன்றைக்குத்தான் போனது.

இரண்டு வாரத்தில் நியமனக் கடிதம் வந்தது. லயங்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தபடி, ஓய்வு பெறும் வரை அண்ணன் அந்தப் பாடசாலையை விட்டு நகரவில்லை. கடைசி மாதங்களில் மூச்சுத் திணறலோடும் பேரப்பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளைத் திருத்தினார். ஒரு விடியற்காலையில் அமைதியாகப் போய்விட்டார்.

வைத்தியம் பார்த்தவர்களுக்கும், மழையில் மயானம் வரை நடந்து வந்தவர்களுக்கும், லிந்துலை முதல் வட்டவளை வரை திரண்டு வந்த அவருடைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பிரஜாவுரிமை இல்லையென்று அண்ணனைத் திருப்பி அனுப்பிய அத்தனை அரசாங்கக் கந்தோர்களுக்கும் என் தனிப்பட்ட நன்றி. நீங்கள் அவரை வேலைக்கு எடுத்திருந்தால், எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு அவர் கிடைத்திருக்க மாட்டார்.