வெறும் தட்டுக்குப் பச்சை இலை

காலை பத்து இருபத்தைந்து. கண்டியில் நான் வேலை செய்யும் சிறிய அலுவலகத்தில், புரொஜெக்டரிலிருந்து சுவரில் விழுந்த படத்தின் முன் நின்று என் மகளின் இலைகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் அவள் பாடசாலையில், ஆய்வுகூடத்துக்கு ஏறும் படியில் மயங்கி விழுந்திருக்கிறாள். எனக்கு அது பத்து நாற்பதுக்குத்தான் தெரிந்தது. இடைப்பட்ட கால் மணி நேரமும் நான் அவளைப் புகழ்ந்துகொண்டு நின்றேன்.

இலைகள் என்றது நாங்கள் செய்துகொண்டிருந்த செயலியில் வருபவை. வாரம் முழுவதும் என்ன சமைக்கலாம் என்று அது யோசனை சொல்லும். சாப்பிட்டதை எழுதினால் வேளைக்கு ஓர் இலை தரும். உடம்புக்கும் மண்ணுக்கும் ஏற்ற சாப்பாடு என்றால் பச்சை. சீனி கூடினாலோ, மிச்சத்தைக் கொட்டினாலோ, கப்பலில் வரும் கோதுமை மாவில் சமைத்தாலோ மஞ்சள். மனைப்பொருளியல் படித்தவள் என்று எதற்கு என்ன நிறம் என்பதை என்னிடமே விட்டிருந்தார்கள்.

சோதித்துப் பார்க்க இரண்டு வீடுகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று குண்டசாலையில் எங்கள் வீடு. கணவருக்குக் கொழும்பில் வேலை, சனிக்கிழமைதான் வருவார்; மற்ற நாட்களில் நானும் பதினைந்து வயது மகளும் மட்டும். மற்றது கலஹா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அக்காவின் வீடு. ரொட்டிக்கு மஞ்சள் விழுந்த அன்றைக்கே அக்கா போன் எடுத்தாள்.

"ரொட்டியத் தின்னுட்டுத்தான் இந்த மலையில ஏறி எறங்குறோம். ஒன் ஆப்பு ஒரு நாளைக்கிக் கூடையக் கட்டிக்கிட்டு ஏறிப் பாக்கட்டும். பெறகு நெறத்தப் பத்திப் பேசுவோம்."

சிரித்துவிட்டு, திருத்துகிறேன் என்றேன். திருத்தவில்லை.

சாப்பிடாத வேளைக்கு என்ன செய்வது என்ற கேள்வியும் ஒரு நாள் வந்தது. நோன்பு மாதத்தில் பகல் முழுக்க இலை இல்லாமல் கிடந்தால் மனதுக்கு ஒரு மாதிரி இருக்கும் என்றார் எங்களோடு வேலை செய்யும் முஸ்லிம் பெண் ஒருவர். நானும் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவள். யாருடைய விரதத்துக்கும் குறை வரக் கூடாது என்று நினைத்து, வெறுமையாக விட்ட வேளைக்கும் பச்சை இலை கொடுக்கச் சொன்னேன். சாப்பிடாதவர் சீனி எடுக்கவில்லை, எதையும் கொட்டவும் இல்லை, ஆகவே எதுவும் இடிக்கவில்லை. நல்ல யோசனை என்றார்கள் எல்லோரும். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தக் காலையில் நான் காட்டியது இதுதான்: மகளுக்கு நாற்பத்தொரு நாளாக ஒரு மஞ்சள் இலையும் இல்லை. அக்கா வீட்டில் முதலில் எல்லாம் மஞ்சள். போன மாதத்தில் தொடர்ந்து மூன்று நாள் பச்சை. தோட்டத்து வீடும் மாறத் தொடங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் வகுப்பாசிரியையின் அழைப்பு வந்தது.

முச்சக்கர வண்டியில் பாடசாலைக்குப் போய் இறங்கியபோது, நோயாளர் அறைக் கட்டிலில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய தோழி அழுதுகொண்டு நின்றாள். நான் கட்டிக் கொடுக்கும் சோற்றைப் பல நாளாகத் தானே சாப்பிட்டு வருவதாக அந்தப் பிள்ளை ஆசிரியையிடம் சொல்லியிருந்தாள். தனக்கு வயிற்று வலி என்று சொல்லித்தான் மகள் சோற்றுப் பெட்டியை நீட்டியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். நேற்று இரவும் இன்று காலையும் பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். நான் கைபேசியை எடுத்துச் செயலியைத் திறந்தேன். அவர் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பிள்ளை சாப்பிட்டதைச் சொல்ல நான் கைபேசியைத் தேடினேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அன்றைக்குத்தான் முதன்முதலாக இலைகளுக்குக் கீழே உள்ளதைப் பார்த்தேன். இன்று காலை வெறுமை. நேற்று இரவு வெறுமை. பகல் வெறுமை. முந்தின நாள் அரை இடியப்பம். மேலே வரிசையாகப் பச்சை. இரவில் பசிக்கவில்லை என்று அவள் சொல்லும்போதெல்லாம் பரீட்சைக் கவலை என்று எடுத்துக்கொண்டிருந்தேன். பஸ் நெரிசல், மழைச் சளி, டியூஷன் முடிந்து வரத் தாமதம் என்று எல்லாவற்றுக்கும் பதறுகிற நான், இதற்கு மட்டும் பதறவில்லை.

டாக்டர் போனதும் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், அதையும் எழுதத்தான் வேண்டும். அவள் கூரையைப் பார்த்தபடி பதில் சொன்னாள்.

"சாப்பிட்டு எழுதினா மஞ்சள் வந்தாலும் வரும். சாப்பிடாம விட்டா வரவே வராது. நீங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டுறீங்கதானே அம்மா. ஒரு மஞ்சள் விழுந்தா ஒங்களுக்குத்தானே வெக்கம்."

மதியம் வார்டில் கொடுத்த சோற்றை அவள் தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. சாப்பிடு என்று என் வாயால் சொன்னால் அதற்கும் ஒரு நிறம் இருக்கும் என்று அவள் நினைப்பாளோ என்று பயந்து, தட்டை மூடி வைத்துவிட்டுக் கட்டிலோரக் கதிரையில் உட்கார்ந்தேன்.

ஐந்து மணிக்குப் பார்வையாளர்களை உள்ளே விட்டார்கள். அக்கா வந்தாள். நான் போனில் சொன்னதும் கலஹாவிலிருந்து பேராதனைக்கு வந்து, அங்கே அடுத்த பஸ் பிடித்து வந்திருந்தாள். சேலை ஓரம் நனைந்திருந்தது. யாரிடமும் எதுவும் கேட்காமல், கொண்டுவந்த பெட்டியைத் திறந்து, ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு நீட்டினாள். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு பெரியம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"இது மஞ்சள்தானே பெரியம்மா?"

"சூடா இருக்கு. தின்னு புள்ள."

மகள் வாங்கித் தின்றாள். இரண்டாவது துண்டை அவளே பிய்த்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அக்காவும் அங்கே வந்தாள். வெறும் வேளைக்குப் பச்சை இலை வைத்ததையும், அதை மகள் எப்படிப் பிடித்துக்கொண்டாள் என்பதையும் தட்டுத்தடுமாறி அவளிடம் சொன்னேன். அக்கா கையில் ஒட்டியிருந்த சம்பலை முந்தானையில் துடைத்தாள். பிள்ளைக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கும் குடுத்துச்சு. போன மாசம் அடமழையில வேலை இல்லாம கெடந்தோமே, அந்த மூணு நாளும் வீட்டுல வெறும் தேத்தண்ணிதான். எழுத ஒண்ணுமில்ல. மூணு நாளும் பச்சை. நீ பாத்திருப்பன்னு நெனச்சேன்."