ஐந்தாம் மாத வளைகாப்பு

என் தம்பி இந்த வருஷம் பாலிடெக்னிக் முடித்துவிட்டான். அவன் நல்லபடியாகப் பிறந்ததற்கே இரண்டு டஜன் கண்ணாடி வளையல்தான் காரணம் என்று சொன்னால் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அந்த வளையல்களைக் கழற்றப் பார்த்த மகாபாவி நான்தான்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவும், அப்பாவின் அக்காவான அத்தையும் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அம்மாவுக்கு வெடிமருந்து அறையில் புஸ்வாணம் அடைக்கும் வேலை. காலையில் குத்தவைத்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்க முடியும். தம்பி வயிற்றில் இருந்த ஐந்தாம் மாதம் அம்மாவின் கால்கள் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. இப்படியே உட்கார்ந்திருந்தால் தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா லேபிள் ஒட்டும் வேலை கேட்டாள். அங்கே பெஞ்சு உண்டு, நினைத்தால் எழுந்து நடக்கலாம். தீபாவளி சீசனில் ஆளை மாற்ற முடியாது என்று போர்மேன் கையை விரித்துவிட்டார். வேலையை விட்டு நிற்கவும் வீட்டில் வழியில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை திடீரென்று வளைகாப்பு வைத்தாள். ஏழிலோ ஒன்பதிலோ செய்ய வேண்டியதை ஐந்தாம் மாதமே செய்கிறாளே, இவளுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று தெருவே பேசியது. ஐந்து வகைச் சோறு கிடையாது, புளியோதரை மட்டும்தான். எனக்கு அதில் பெரிய மனத்தாங்கல். நாத்தனார் முறையில் அத்தையே அம்மாவின் இரண்டு கை நிறைய வளையல் அடுக்கினாள்.

மறுநாள் காலை கம்பெனி வேன் வந்தது. உரசினால் தீப்பொறி பறக்கும் என்று மருந்து அறைக்குள் வளையல், மெட்டி, ஊக்கு எதுவும் கூடாது. முன் சீட்டில் இருந்த போர்மேன் அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, "அதக் கழட்டிட்டு ஏறும்மா" என்றார்.

அத்தை இதற்காகவே காத்திருந்தாள். "பிள்ளை பெறுறவரைக்கும் கழட்டக் கூடாதுண்ணே. வேணும்னா நீங்களே ஒங்க கையால கழட்டி விடுங்க பாப்பம்!"

வேனுக்குள் அத்தனை பெண்களும் அவரையே பார்த்தார்கள். சுமங்கலி, அதிலும் பிள்ளைத்தாய்ச்சி. எந்த ஆண்பிள்ளைக்குத் துணிச்சல் வரும்?

"யாத்தா, அந்தப் பாவம் எனக்கு எதுக்கு? லேபிளுக்கே போகச் சொல்லுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லேபிள் வேலைக்குக் கூலி குறைவு. இந்தத் தீபாவளிக்குப் புதுத்துணி கிடையாது என்று அம்மா சொன்னதும் எனக்கு அத்தைமேல் வந்ததே கோபம்! அம்மா அசந்து தூங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் கையில் சோப்பைத் தடவி வளையல்களை ஒவ்வொன்றாக உருவினேன். மூன்று வந்துவிட்டன. நான்காவதில் இருந்தபோது முதுகில் பளீரென்று அடி விழுந்தது.

"ஏ புள்ள, இது கையில கெடக்கிறவரைக்கும்தான் ஒங்கம்மாவை அந்த ரூமுக்குள்ள விட மாட்டாக, தெரியுதா?" என்று கத்திய அத்தை, அப்படியே உட்கார்ந்து அழுதாள். அடி வாங்கியவள் நான், இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

நடக்க நடக்க அம்மாவின் கால் வீக்கம் வடிந்தது. தை மாதம் தம்பி கொழுகொழுவென்று பிறந்தான். அத்தையை நினைத்தால் இன்றைக்கும் என் கை தானாகக் குவிகிறது.

அத்தைக்குப் பிள்ளை இல்லை என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரியும். கல்யாணமான மறு வருஷ சீசனில், அதே மருந்து அறையில் குத்தவைத்திருந்தபோதே ஆறு மாதக் கருவை அவள் பறிகொடுத்தாள் என்பதை, எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். அத்தைக்கு வளைகாப்பை முறைப்படி ஏழாம் மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் நாள் பார்த்து வைத்திருந்தார்களாம்.