காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு

போன வாரம் நுவரெலியாவில் ஒரு சலூனுக்குப் போயிருந்தேன். தலைக்குச் சாயம் போடத்தான். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? இருபது வயது தாண்டாத ஒரு பிள்ளை என் காது மடலை வளைத்துப் பிடித்து, அதற்குப் பின்னால் பஞ்சால் ஒரு சொட்டுச் சாயத்தைத் தொட்டு வைத்தாள்.

“இன்னைக்குப் போட மாட்டோம் மிஸ். இதைக் கழுவாம வச்சிருங்க. அரிச்சாலோ செவந்தாலோ சொல்லுங்க. ஒண்ணுமில்லைன்னா நாளைக்கு இதே நேரம் வாங்க.”

“வீட்டுல எத்தனையோ வாட்டி போட்டிருக்கேன் பிள்ளை, எனக்கு ஒண்ணும் ஆகாது” என்றேன்.

“எத்தனை வாட்டி போட்டிருந்தாலும் பார்க்காமப் போட மாட்டோம் மிஸ்.”

வீட்டில் போடுவது வேறு சங்கதி. பழைய பல் துலக்கும் பிரஷ், கிழிந்த துவாய், குளியலறைக் கண்ணாடி, அவ்வளவுதான். குழைத்துப் பூசிவிட்டு அரை மணி நேரம் யாரும் கதவைத் தட்டக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருப்பேன். ஒருமுறை பூசியபடியே தொலைபேசியில் கதை அளந்துகொண்டிருந்துவிட்டு, மறுநாள் மகனின் பள்ளிக்கூடக் கூட்டத்தில் நெற்றி முழுக்கக் கறுப்புக் கரையோடு உட்கார்ந்திருந்தேன். டீச்சர் என் கண்ணைப் பார்த்தே பேசவில்லை, நெற்றியைப் பார்த்துத்தான் பேசினார். வீட்டு முகம் கழுவும் தொட்டியில் போகாத கறை ஒன்று இருக்கிறது. என் கணவர் அதை இலங்கை வரைபடம் என்பார். சலூனில் வெந்நீர் இருக்கும், சாய்ந்துகொள்ள நாற்காலி இருக்கும், கழுத்தில் போர்த்திவிட ஆள் இருக்கும். நெடியை மட்டும் எங்கே போனாலும் மாற்ற முடியாது. மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கிற அந்த நெடி வந்ததும் எனக்குப் பத்தொன்பது வயதாகிவிடும். ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடையின் மாடியில் ஈரத் துவாய்களோடு நின்றுகொண்டிருப்பேன்.

அந்த மாடியில்தான் நான் வேலை பழகிய சலூன் இருந்தது. நடத்தியவரை எல்லோரும் மேடம் என்போம். முடியைக் கூட்டுவது, துவாய் துவைப்பது, சாயம் குழைப்பது என் வேலைகள். இன்னொரு வேலையும் இருந்தது. சாயம் போட வருகிறவர்களுக்கு முதல் நாளே காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது. மேடம் அதில் கறார். “ஒருத்தி மூஞ்சி வீங்கிச்சுன்னா ஊரே பேசும்” என்பார். அந்த ஒரு வருடத்தில் எத்தனை காதுகளை வளைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. டவுன் காதுகள் எல்லாம் மெத்தென்று இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று மேடத்திடம் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அப்பா டவுனில் ஒரு கடையில் கணக்கப்பிள்ளை என்றேன். எனக்கு முன்னால் அங்கே வேலை செய்த பிள்ளை அக்கரப்பத்தனைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவளாம். “தோட்டத்துப் பிள்ளை தலையில கை வைக்கவேணாம்” என்று சாயம் போட வந்தவர்களில் இரண்டு மூன்று பேர் சொன்னதில், போகும்வரை அவளுக்குத் துவாய் துவைக்கிற வேலை மட்டும்தான். நானும் அதே பக்கத்துத் தோட்டத்துக்காரிதான். அதனால் கணக்கப்பிள்ளை மகளாகிவிட்டேன். வாயில் வருகிற தோட்டத்து ‘ங்க’வை எல்லாம் விழுங்கிப் பழகினேன். யாராவது ஊரைக் கேட்டால் இருமல் வரும் எனக்கு. எப்படிப்பட்ட இருமல் தெரியுமா? மேடம் ஒருநாள் மருந்தே வாங்கிக் கொடுத்தார்.

என்னை வளர்த்தது அப்பாவின் தங்கை, மாரியாயி அத்தை. அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராதான் அத்தை வீடு. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்திலும் என்னை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, தலையைப் பின்னிவிட்டுத்தான் போவாள். அவளுடைய தலையைக் கவனிக்கத்தான் அவளுக்கு நேரமில்லை. கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அழுத்தி உச்சியில் முடி தேய்ந்து ஒரு தடம் விழுந்திருந்தது. நாற்பது வயதிலேயே முன்பக்கம் முழுக்க வெளுத்துவிட்டது. அத்தையின் புருஷன் இன்னொரு தோட்டத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரே மகள் சித்ரா. படிப்பில் கெட்டிக்காரி. உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தொடர்ந்து படிக்கவைக்க அத்தை வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவெடுத்தாள்.

இந்த முடிவு எனக்குப் பிறகுதான் தெரியும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சலூன் நிறைய ஆட்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அத்தை வந்தாள். திருவிழாவுக்குக் கட்டுகிற நீலச் சேலை, கையில் ஒரு பை நிறையப் போஞ்சிக்காய். செருப்பை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

நான் திரும்பிக்கொண்டேன்.

மேடம் ஒரு அம்மாவின் தலையில் வேலையாக இருந்தார். “என்ன வேணும்?” என்று கேட்டார்.

“தலைக்குக் கறுப்படிக்கணுமுங்க. திங்கக்கெழம ஏஜென்சிக்காரவங்க போட்டோ எடுக்குறாங்க. வெள்ள முடியோட இருந்தா வெளிநாட்டுல உள்ள வீட்டுக்கார மேடம் எடுக்க மாட்டாங்களாம்.”

“சரி, உட்காருங்க” என்றார் மேடம். பிறகு என்னைப் பார்த்து, “ஒன்னையப் பார்த்துச் சிரிக்கிறாங்களே, தெரிஞ்சவங்களா?” என்றார்.

“தெரியாது மேடம்” என்றேன்.

அத்தையின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாததைப்போல. பிறகு அவளே சொன்னாள், “இல்லைங்கம்மா, நான் சும்மா எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிறதுதான்.”

மேடம் என்னிடம், “காதுக்குப் பின்னால வச்சு அனுப்பு. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமையும் கடை இருக்குதானே, வந்து போட்டுக்கட்டும்” என்றார்.

நான் யோசித்தது ஒன்றே ஒன்றுதான். அத்தை நாளைக்கும் வருவாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அத்தையால் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியாது. லயம், பெரட்டு, என் அப்பா, நான் மூக்கொழுகித் திரிந்தது எல்லாம் வெளியே வந்துவிடும்.

“மேடம், நாளைக்கு ரெண்டு கல்யாணப் பொண்ணு இருக்காங்களே” என்றேன். “இவங்க தலையில எண்ணெய் வேற ஊறிப் போயிருக்கு. நம்ம கலர் பிடிக்காது.”

மேடத்தின் கையில் அகப்பட்டிருந்த அம்மா கண்ணாடி வழியாக அத்தையின் காலைப் பார்த்துச் சொன்னார். “இவங்களுக்கெல்லாம் பாக்கெட் டை போதாதா?” நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை ஏன் சொல்லாமல் விடவேண்டும்? சிரித்தேன்.

அத்தை படியிறங்கிப் போனாள். நான் குப்பை கொட்டுகிற சாக்கில் பின்னாலேயே ஓடிப் பக்கத்துக் கடையில் தூள் சாயம் ஒரு பாக்கெட் வாங்கி, பஸ் நிற்கிற இடத்தில் அவளைப் பிடித்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். போஞ்சிப் பையை என் கையில் திணித்தாள்.

“ஒனக்குத்தான் அம்மாடி கொண்டாந்தேன். வேல எடத்துல சிரிச்சிருக்கப்படாது நான்.”

“ஊட்டுலேயே பூசிக்கலாம் அத்தை. கடையில போடுறதும் இதும் ஒண்ணுதான். தண்ணியில கொழச்சுப் பூசுங்க. நல்லாக் கறுக்கணும்னா கூடக் கொஞ்ச நேரம் வைங்க.”

அவள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “போன வருசம் கல்யாணத்துக்கு ஒருக்காப் பூசினப்ப லேசா அரிச்சிச்சுடி. பரவாயில்லையா?”

எனக்கு எல்லாம் தெரியும். ஒருமுறை அரித்தவர்களுக்கு மேடம் சாயத்தைத் தொடவே மாட்டார். அத்தனை காதுகளுக்குச் சொட்டு வைத்த கை என்னுடையது. ஆனால் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. மாடி ஜன்னலில் மேடம் எட்டிப் பார்த்தால் நாங்கள் நிற்பது தெரியும்.

“அதெல்லாம் அப்படித்தான் இருக்கும் அத்தை. ஏறுங்க, பஸ் போயிரும்.”

ஏறினாள். உட்கார இடம் கிடைக்கவில்லை.

நடந்ததை மூன்று வாரம் கழித்துத் தீபாவளிக்குப் போனபோது சித்ரா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள்தான் பூசிவிட்டிருக்கிறாள். எரிகிறது என்று சொல்லியும் அத்தை கழுவ விடவில்லை. “எரிஞ்சாத்தான் பிடிக்கும். அவளே கூட நேரம் வைக்கச் சொன்னா” என்று இரண்டு மணித்தியாலம் வைத்திருந்திருக்கிறாள். சாயந்தரம் நெற்றி வீங்கியது. விடியும்போது இரண்டு கண்ணும் மூடிப்போய், காதோரமெல்லாம் நீர் வடிந்ததாம். அப்படியும் சித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி ஏஜென்சிக்குப் போயிருக்கிறாள். முடி கறுத்துவிட்டதுதானே, அதைத்தானே கேட்டார்கள் என்று.

அந்த ஏஜென்சிக்காரன் கதவிலேயே நிறுத்திவிட்டான். “இந்த மூஞ்சிய அனுப்பினா நோயாளிய அனுப்பிட்டான்னு என்னையத்தான் புடிப்பாங்க. கூட்டிட்டுப் போங்கம்மா.” அத்தையின் இடத்துக்கு அதே லயத்துப் புஷ்பம் போனாள். போட்டோ எடுக்க அத்தையின் நீலச் சேலையைத்தான் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போனாளாம்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். நான் போனபோது அத்தை காம்பராவில் தலையில் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தாள். துண்டுக்குக் கீழே காதோரம் பொருக்கு. கை வைத்தால் முடி கொத்தாக வருகிறது என்று சித்ரா சொன்னாள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்ட முடியாததால் அத்தை வேலைக்கும் போகவில்லை. நான் டவுனிலிருந்து வாங்கிப்போன கேக்கைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

சித்ரா கேட்டாள். “அக்கா, ஆஸ்பத்திரியில நர்ஸ் சொன்னாங்க, சலூன்ல போடுறதுக்கு முன்னாடி காதுக்குப் பின்னால வச்சுப் பார்ப்பாங்களாமே. ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாது” என்றேன். கேக்கைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

அத்தை மெதுவாகத் தலையைத் திருப்பினாள். குரலில் கோபமே இல்லை. கணக்கை முடித்து வைக்கிறவளைப்போலச் சொன்னாள்.

“என்னையவே தெரியாதுன்னவ. இது மட்டும் தெரிஞ்சிருக்குமா?”

பிறகு கேக்கில் ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள். அன்றோடு என்னை அம்மாடி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பேசாமல் இருக்கவில்லை. “வாங்க”, “இருங்க”, “சாப்பிட்டீங்களா” என்றாள், டவுனிலிருந்து வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி. அதற்கு ஒரு அறை விட்டிருக்கலாம்.

சித்ரா அந்த வருடமே படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். நான் மேடத்திடம் இன்னும் இரண்டு வருடம் இருந்தேன். நன்றாகத் தொழில் பழகினேன். கல்யாணம் செய்து நுவரெலியாவுக்கு வந்தேன். கல்யாணத்துக்கு அத்தைக்குப் பத்திரிகை அனுப்பினேன், நேரில் போய்க் கூப்பிடவில்லை. தலையில் துண்டோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவாளோ என்று பயம். அவள் வரவில்லை. நான் நிம்மதியாகத் தாலி கட்டிக்கொண்டேன்.

இன்று அந்தத் துணிக்கடையும் இல்லை, மாடிச் சலூனும் இல்லை. அங்கே கைப்பேசி விற்கிறார்கள். மேடம் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கிறாராம். எங்கள் லயமும் இல்லை. மண்சரிவு வரும்போல மேட்டில் வெடிப்பு விழுந்ததும் எல்லோரையும் எழுப்பி, மலைக்கு அந்தப் பக்கம் தனித்தனி வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இதெல்லாம் போனவருடம் அத்தையின் கருமாதிக்குப் போனபோதுதான் பார்த்தேன். சாவுச் செய்தி எனக்கு இரண்டு நாள் பிந்தித்தான் வந்தது.

புது வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. வழியில் கொழுந்துப் பையோடு வந்த ஒரு இளம்பெண்ணை நிறுத்தி, “மாரியாயி வீடு எது தங்கச்சி? கருமாதி வீடு” என்று கேட்டேன்.

“மாரியாயியா? அப்படி யாரும் இங்க இல்லையேங்க.”

“இங்கதான். பதினஞ்சு நாளைக்கு முன்னாடி தவறிட்டாங்க.”

“அட, டை அம்மாயியா!” என்று சிரித்துவிட்டாள். சாவு வீடு என்பது ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். “அவங்க பேரு மாரியாயிங்களா? நாங்க சின்னதுலேருந்து டை அம்மாயின்னுதான் கூப்புடுவோம். அவங்களும் என்னன்னு கேப்பாங்க.”

அவள் காட்டிய வீட்டு வாசலில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியிருந்தது. படத்தில் அத்தை தலையில் முக்காடு போட்டிருந்தாள். கீழே மாரியாயி என்று சிறிய எழுத்தில். அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், பெரிய எழுத்தில், டை அம்மாயி.

சித்ரா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் தலையும் நரைக்கத் தொடங்கியிருந்தது. நான் பதாகையையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னாள்.

“அதைப் போடலைன்னா செத்தது யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாதுங்க அக்கா.”