இரண்டு பக்கமும் பார்ப்பவர்

மாடிவீட்டு ஆய்வாளர் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "குடை வேணுமா, வேணாமா?"

"அதுக்கு ரெண்டு பக்கம் இருக்கு," என்று ஆரம்பிக்கிறார். பேசி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும், குடையில்லாமல் ஓடுவார். சாயங்காலம் சொட்டச் சொட்டத் திரும்பும்போது அந்த அம்மாள் துண்டை நீட்டியபடி சொல்வது கீழ்வீடுவரை கேட்கும்: "ரெண்டு பக்கமும் நனைஞ்சாச்சா?"

கீழ்வீட்டில் இருப்பவர் வெல்டிங் பட்டறை முதலாளி. கட்டடமே அவருடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். இன்று இருபது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லிவிடுவார். ஆனாலும் மாடிவீட்டுக்காரர்மேல் அவருக்குத் தனிப் பிரியம். பிள்ளைகள் ஏன் பாதியில் படிப்பை விடுகிறார்கள், படித்தவர்களுக்கு ஏன் வேலை இல்லை என்று வீடுவீடாகக் கேட்டு, கூட்டிக் கழித்து, அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பது லேசான வேலையா?

"நான் பட்டறை கட்டுனப்ப இவர் கூட இருந்திருந்தா இன்னும் ரெண்டு கட்டியிருப்பேன்," என்பார். கொஞ்சம் யோசித்து, "இல்ல, முதல் பட்டறைக்கே இன்னும் இடம் பாத்துட்டிருப்போம்," என்பார்.

'பெரும்பாலும்', 'ஓரளவு' இல்லாத வாக்கியம் ஆய்வாளர் வாயில் வராது. விருந்தாளி சாப்பாடு பிரமாதம் என்றால், "எதோட ஒப்பிட்டுச் சொல்றீங்க?" என்பார். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று நர்ஸம்மா வந்து சொன்னபோது, "உறுதிப்படுத்திட்டீங்களா?" என்று கேட்டவர். மனைவி அதை இன்னும் மறக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு தடவை வழவழா கொழகொழா இல்லாமல் எழுதினார். போன வருடத்து அறிக்கையின் கடைசிப் பரிந்துரை அது: 'பட்டம்தான் மரியாதை என்ற எண்ணத்தைப் பெற்றோர் கைவிட வேண்டும். கைத்தொழிலை விரும்பும் பிள்ளைகளைத் தடுக்கக் கூடாது.' மேலிடத்தில் பாராட்டினார்கள். வினை வீட்டில்தான் வந்தது. கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும் மகள், இரண்டாம் வருடத்தோடு நிறுத்திவிட்டு வெல்டிங் கற்கப் போவதாகச் சொன்னாள். அதுவும் கீழ்வீட்டுக்காரரின் பட்டறையில்.

"அது பொதுவா பெத்தவங்களுக்குச் சொன்னதும்மா."

"நீங்க எந்தக் கணக்குல வர்றீங்கப்பா?"

அறிக்கையை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவள்தான். அவளிடம் எதைச் சொல்லித் தப்பிப்பது?

அப்புறம் வீட்டிலேயே ஆய்வு தொடங்கியது. மனைவியிடம் கருத்துக் கேட்டார். "என்னைச் சேக்காதீங்க. நான் சொல்லிக் கேக்கற வீடா இது?" என்றுவிட்டாள். படியிறங்கி முதலாளியிடம் வந்தார்.

"கை சுடுமா?"

"சுடும் சார். எனக்கு ஏழெட்டு இடத்துல சுட்டிருக்கு. நீங்க குடியிருக்கிற மாடி அந்தத் தழும்பு மேலதான் நிக்குது."

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, மேலே போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை மகள் பட்டறை வாசலில் வந்து நின்றாள். பின்னாலேயே ஆபீஸ் உடையில் அப்பா, இன்னும் பதில் சொல்லாத முகத்தோடு. முதலாளி அவள் காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பு.

"இதோட உள்ள விடமாட்டேன்மா. பொறி விழுந்தா கால் வெந்துடும். ஷூ வாங்கிட்டு நாளைக்கு வா."

"நாளைக்கா?"

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். நாளைக்குள் வீட்டில் இன்னொரு ஆய்வு முளைத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். ஆய்வாளருக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. அவர் தடுக்கவில்லையே, செருப்புதானே தடுத்தது.

ஆய்வாளர் வானத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, தம் தோல் ஷூவைக் கழற்றினார். பிறகு மற்றதை. கைக்குட்டையை இரண்டாகக் கிழித்து முனைகளில் திணித்தார். மகளின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் காலைத் தூக்கி உள்ளே விட்டு, நாடாவை இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டார்.