பேசாப் படக்காரரின் குரல்

கீழ்த்தளத்துப் பதிவறைக்குப் போகும் படிக்கட்டின் மேலே நின்று நெமோதோ யோஷிகி தன் சட்டைப் பையைக் காலி செய்கிறார். சாவிக்கொத்து, சில்லறை, கண்ணாடிக்கூடு எல்லாம் தோள்பைக்குள் போகின்றன. கைக்கடிகாரமும் போகிறது. பிறகு நின்ற இடத்திலேயே ஒரு குதி குதிக்கிறார். உடம்பில் எதுவும் சத்தம் போடவில்லை என்று தெரிந்த பிறகுதான் இறங்கிப் போய்க் கதவைத் தள்ளி, உள்ளே இருப்பவர்களுக்குக் காலை வணக்கம் சொல்கிறார். சாயங்காலம் வந்தாலும் இந்தத் தொழிலில் காலை வணக்கம்தான்.

தோய்த்துத் தோய்த்துத் துவண்டுபோன பருத்திச் சட்டைதான் போடுவார். நைலான் சரசரக்கும், கஞ்சி போட்ட துணி அதைவிட மோசம். வருகிற வழியில் ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்று உருண்டை ஒன்றைச் சாப்பிட்டுவிடுவார், வயிறு பேசாமல் இருக்க. வெகு நாட்களுக்கு முன் ஒருமுறை சாப்பிடாமல் வந்து, இவர் வயிறு உறுமியது ஒரு பூதத்தின் உறுமலாகவே படத்தில் போய்விட்டது. கடைசியில் போடும் பெயர்ப் பட்டியலில் பூதத்துக்கு வேறு ஒருவர் பெயரைப் போட்டார்கள். அந்த வருத்தம் இவருக்கு இன்னும் இருக்கிறது.

அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களுக்குக் குரல் கொடுப்பது இவர் தொழில். வயது அறுபதைத் தாண்டிச் சில வருடங்கள். இதுவரை கொடுத்த குரல்கள்: இரண்டாவது காவலர், ஊர்ப் பெரியவர், கரடி, குடிகாரர், இன்னொரு கரடி, பேசும் பானை. “எனக்கு வர்ற பாத்திரத்துக்குப் பேரே இருக்காது. தப்பித் தவறி இருந்துட்டா, அன்னிக்கே கொன்னுடுவாங்க” என்பார். சிரிக்காமல்தான் சொல்வார்.

அப்படிப்பட்டவருக்கு இந்த வருடம் ஓதோமோ என்ற கிழவர் பாத்திரம் கிடைத்தது. பழைய கியோத்தோவில் பேசாப் படம் எடுத்த ஒரு மனிதரைக் கொஞ்சம் மாற்றி, பெயரில் ஓர் எழுத்தைத் திருப்பி, மூக்கின்மேல் ஒரு மச்சம் வைத்துத் தொடரில் சேர்த்திருந்தார்கள். கதாநாயகி வாள் பிடித்த பள்ளிக்கூடப் பெண். படச்சுருளிலிருந்து தப்பி ஓடும் நிழல்களை அவள் துரத்துவாள். எந்த நிழல் எந்தப் படத்திலிருந்து வந்தது என்று கிழவர் ஓதோமோ சொல்வார். துணைப் பாத்திரம்தான். ஆனால் கடைசிப் பகுதிவரை சாகமாட்டார்.

உண்மையான அந்த மனிதர் பேசும் படம் வந்ததும் தொழிலை விட்டே போனவர். பேசாப் படக் காலத்தில் கேமரா ஓடும்போதே டைரக்டர் பக்கத்தில் நின்று கத்தலாம்: இப்படி நட, அங்கே பார், இப்போது அழு என்று. படம் பேச ஆரம்பித்தால் டைரக்டர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அது தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாராம். அவர் குரல் எந்த ஒலித்தட்டிலும் இல்லை. எப்படிப் பேசினார் என்று சொல்ல இப்போது உயிரோடு ஒருவரும் இல்லை. நெமோதோ கியோத்தோவுக்கு ரயிலேறிப் போய் அவர் கல்லறைக்குத் தண்ணீர் ஊற்றி, ஊதுபத்தி கொளுத்தி, “உங்க வாயில நான் பேசப் போறேன். கோவிச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தார்.

கோபம் வந்ததோ என்னவோ, நாலாவது பகுதி முடிந்த கையோடு தொண்டை கட்டியது. கட்டினது விடவில்லை. குரல்நாணில் சின்னதாக ஒரு சதை வளர்ந்திருப்பதாக டாக்டர் சொன்னார். வெட்டி எடுக்க வேண்டும், அப்புறம் சில வாரம் பேசக் கூடாது, அதற்குப் பிறகு எந்தக் குரல் வரும் என்று சொல்ல முடியாது. நெமோதோ கேட்டுக்கொண்டு, தொடர் முடியட்டும் என்று தேதியைத் தள்ளினார். பிறகு இன்னொரு முறையும் தள்ளினார். வேலையிடத்தில் மூச்சு விடவில்லை. விட்டால் ஓதோமோ வேறொருவர் கைக்குப் போய்விடுவார். நாற்பது வருடம் கழித்து வந்த பாத்திரத்தை யார் விடுவார்கள்?

வீட்டில் பேச்சை அடியோடு நிறுத்திக் குரலைச் சேமித்தார். மனைவி சுமாகோ முள்ளங்கியை நறுக்கித் தேனில் ஊறப்போட்டு அந்தச் சாற்றைக் கொடுப்பாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள். கேள்வியும் அவளே, பதிலும் அவளே. சண்டை போடும்போதுகூட அவர் பக்கத்து நியாயத்தை அவரைவிட நன்றாக எடுத்துச் சொன்னாள். “டாக்டர் கிட்ட போறதுக்கு என்னங்க பயம்? ‘பயம் இல்லடீ, இந்த ஒரு தடவை முழுசா இருந்துட்டுப் போறேன்.’ சரி, இருங்க. யார் வேண்டாங்கறா?” என்று சொல்லிவிட்டு அவளே மூக்கைச் சிந்தினாள்.

பதிவறையில் நடந்ததுதான் வேடிக்கை. குரல் கரகரக்கக் கரகரக்க, பதிவை நடத்தும் கதாகிரி அம்மாளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கிழவர் வாரத்துக்கு வாரம் தேய்கிறார், என்ன நடிப்பு என்றார். இன்னும் கொஞ்சம் தேயச் சொன்னார். நெமோதோ தலையாட்டினார். தேய்வதில் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை.

பத்தாவது பகுதியில் வந்தது வினை. எழுத்தாளர் ஒரு பழைய நினைவைச் சேர்த்திருந்தார்: முப்பது வயது ஓதோமோ ஆற்றங்கரையில் படம் எடுக்கிறார், அக்கரையில் நடக்கும் நடிகைக்குக் கேட்கும்படி தண்ணீர் இரைச்சலுக்கு மேலே கத்துகிறார். “நடங்க. நிக்காதீங்க. இப்ப திரும்புங்க.” அவ்வளவுதான் வசனம்.

படங்களை வரைந்து முடிக்குமுன்பே குரலைப் பதிந்துவிடுவது வழக்கம். திரையில் வெறும் பென்சில் கோடுகள்தான் ஓடும்; யார் எப்போது பேச வேண்டும் என்பதற்கு ஆளுக்கொரு வண்ணக் கோடு. ஓதோமோவுக்கு நீலம். நீலக்கோடு தோன்றியதும் பேசி, மறைவதற்குள் முடிக்க வேண்டும். நீலக்கோடு தோன்றியது. நெமோதோவின் குரல் முதல் சொல்லிலேயே உடைந்தது.

“நெமோதோ சான், இதுல அவருக்கு முப்பது வயசு” என்றார் கதாகிரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

தெரியும் என்று நெமோதோ தலையசைத்தார். அடுத்த முறை காற்று மட்டும் வந்தது. அதற்கடுத்த முறை நீலக்கோடு தோன்றி, நின்று, மறைந்தது. நெமோதோவின் வாய் சரியாக அசைந்தது. சத்தம் இல்லை. அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். சத்தம் போடாமல் இருக்கப் பழகியவர்கள், ஒருவரும் இருமவில்லை.

அவர் மைக்கை விட்டுத் தள்ளி வந்து, இருக்கிற குரலில் எல்லாவற்றையும் சொன்னார். சதை, ஆஸ்பத்திரி, தள்ளிப்போட்ட தேதிகள். சொல்லியிருந்தால் ஓதோமோவை வேறு யாருக்காவது கொடுத்திருப்பீர்கள் என்றார்.

“கண்டிப்பா குடுத்திருப்பேன்” என்றார் கதாகிரி. பிறகு, “இளமைக்கு மட்டும் ஆள் போட முடியாது, நெமோதோ சான். நீங்க ஆஸ்பத்திரில படுத்துட்டா மீதிப் பகுதியும் அந்த ஆள்தான். மாத்தினா மாத்தினதுதான்” என்றார்.

“ஆமா.”

“யாரை நிக்க வைக்கிறது?”

நெமோதோ கதவோரத்துப் பெஞ்சைக் காட்டினார். வழிப்போக்கர் குரலும் கும்பல் குரலும் கொடுக்கும் இவாசே அங்கே உட்கார்ந்திருந்தான். முப்பது வயது. “அவனுக்கு ஓதோமோ வசனம் பூரா மனப்பாடம். வாராவாரம் பின்னால உக்காந்து வாயசைக்கிறான். நான் பாக்கலேன்னு நெனப்பு.”

இவாசேவுக்குக் காது சிவந்தது. மன்னிப்புக் கேட்டான். கேட்டுவிட்டு எழுந்து வந்து நின்றான்.

ஆள் நெட்டை. மைக் நெமோதோவின் குட்டை உடம்புக்கு ஏற்ப இருந்தது. மூத்தவர் நின்ற மைக்கை இளையவர் ஏற்றி இறக்குவதில்லை. அதனால் இவாசே காலை அகட்டினான். போதவில்லை. முட்டியை மடக்கினான். அந்த நிலையில் அக்கரைக்குக் கேட்கிற மாதிரி யாராலும் கத்த முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதாகிரி வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

நெமோதோ திரும்பி வந்தார். தாங்கியின் திருகைத் தளர்த்தி, எக்கி நின்று, மைக்கைத் தன் தலைக்கு மேலே உயர்த்தி, திருகை இறுக்கினார்.