அண்ணாவுக்கு எடுத்த சவர்க்காரம்

எனக்கு ஒழுங்காக எழுத வராது, மறதியும் கூட. பொறுத்துக்கொள்ளுங்கள். யேசு பிறந்த நத்தார் நாளில் பேரன் தன் பரிசைப் பிரித்ததும் முகம் மழிக்கும் சவர்க்காரம் மணந்தது. அண்ணாவின் ஞாபகம் வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. கப்பல் வேலைக்குப் போகவிருந்த அண்ணாவுக்கு நத்தார்ப் பரிசாக, கடையில் உருட்டி விளையாடும் கண்ணாடிப் போளை கேட்டேன். "மீசை முளைச்சவனுக்குப் போளையோ, பிள்ளை?" என்று நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் சிரித்து, சவர்க்காரம் எடுத்துத் தந்தார்.

எங்கள் வீட்டில், தேவாலயத்தில் நத்தார்ப் பூசை முடியாமல் பரிசு கொடுப்பதில்லை. நத்தார் விடியவே, கப்பல் முந்திப் போகிறது என்று அண்ணாவைக் கூப்பிட ஆள் வந்தது.

"என்னடி ஒளிக்கிறாய்? தாவன்" என்று அண்ணா என் கையிலிருந்த பொதியைப் பார்த்துக் கேட்டார்.

"ஏலாது, பூசை முடியட்டும்."

பூசை முடிந்து துறைமுகத்துக்கு ஓடினேன். கப்பல் போய்விட்டது. அண்ணா திரும்பி வரவேயில்லை.

அந்தக் கப்பலின் பெயர்கூட எனக்குத் தெரியாது. துறைமுகத்தில் அப்போது வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால், விசாரித்துச் சொல்லுங்கள்.