ஒற்றைக் குழாய் பாய்

என் வீட்டுக்காரர் சேக் தாவூதுக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச வராது. அந்த மனுஷனுக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள், மைக்செட்! நாகூருக்கு மேற்கே எங்கள் ஊர். இரண்டு குழாயும் ஒரு ஆம்ப்ளிஃபயரும்தான் எங்களுக்குச் சோறு போட்டன.

எழுபத்து நாலில் என் தம்பி ஹபீப் முகம்மது கொழும்பிலிருந்து ஒரு சின்ன ரெக்கார்டு கொண்டுவந்தான். ஒரு பையன் கிதார் அடித்துக்கொண்டு பாடியது. அங்கே பொப் பாட்டு என்பார்களாம். 'அரைப்படி போதாதடி, அள்ளிக் கொடு முழுப்படி' என்று காதலியிடம் அன்பை அளந்து கேட்கிறான். கொழும்பில் அது காதல். எங்கள் ஊரிலோ, அறுப்புக் கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்காமல் நின்ற தை மாதம். சங்கத்துக்காரர்கள் கட்டிய பாட்டு என்று இரண்டு தரப்பும் நம்பிவிட்டது!

இலங்கை வானொலியில் ஞாயிறு நாலு மணிக்கு, நேயர்களின் தபால் கார்டுகளை எண்ணிப் பாட்டுகளை வரிசைப்படுத்துவார்கள். கூலிக்காரத் தெருவில் ஆளுக்கொரு கார்டு போட்டார்கள். பாட்டு எட்டாவதாக வந்தது, நாலாவதாக வந்தது, பிறகு இரண்டாவது. இங்கே கதிர் சாய்ந்துகொண்டிருந்தது.

பெரிய பண்ணையின் காரியக்காரர் குஞ்சிதபாதம் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"பாய், அந்த ரெக்கார்டு சுத்துச்சு, உன் குழாய் தவிடுபொடி. சொல்லிட்டேன்."

இவர் தலையாட்டினார். "பூம்பூம் மாடாட்டம் ஆட்டுறீங்களே!" என்று கத்தினேன். ஆனால் ரெக்கார்டை அரிசிப் பானைக்குள் ஒளித்தது நான்தான். பயம். குழாய் போனால் பிள்ளைகள் பட்டினி.

அந்த ஞாயிறு காளியம்மாள் மகள் செவ்வந்திக்குக் கல்யாணம். கூலி கேட்டு முதலில் அரிவாளைக் கீழே போட்டவள் காளியம்மாள். பந்தல் ஓரத்தில் தடியோடு ஆறு பேர்; முன்னால் குஞ்சிதபாதம். நாலு மணியாயிற்று.

"பாய், ரெக்கார்டுதானே போடக் கூடாதுன்னாங்க? ரேடியோவைப் போடுங்க" என்றாள் காளியம்மாள்.

இவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். கேட்டால்தானே! டிரான்சிஸ்டரை எடுத்து மைக்குக்கு முன்னால் வைத்தார்.

மூன்றாம் இடத்துப் பாட்டு முடிந்தது. இரண்டாம் இடத்துப் பாட்டும் முடிந்தது. குஞ்சிதபாதம் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வந்து தடியை ஓங்கிக்கொண்டு நின்றார்.

"இந்த வாரம் முதலிடம், 'அரைப்படி'! இதற்காகப் பதினோரு கார்டுகள் எழுதியிருக்கும் நேயர்..." எங்கள் ஊர்ப் பெயர் வந்தது. "பெரிய பண்ணை இல்லம், அகிலாண்டம்."

பண்ணையாரின் ஒரே மகள்! ஓங்கிய தடி அப்படியே நின்றது.

"அது வேற அகிலாண்டம்" என்றார் குஞ்சிதபாதம்.

"இந்த ஊர்ல பெரிய பண்ணை எத்தனைங்கய்யா?" என்றாள் காளியம்மாள்.

பந்தலே சிரித்தது. ஆறு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள். குழாய் பிழைத்ததென்று நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மறுநாள் பண்ணை வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்சம் வந்தாள். "ரேடியோவைக் கிணத்துல வீசிட்டாங்கக்கா. பொண்ணை மாடியில வச்சுப் பூட்டிட்டாங்க. சோறுகூட இறங்கல அதுக்கு."

அடப்பாவமே! கூலியும் தெரியாது, சங்கமும் தெரியாது. பாட்டுப் பிடித்ததென்று கார்டு போட்ட பெண். அவள் பெயரால் பிழைத்த குழாய்க்காகவா நான் அப்படிச் சிரித்தேன்? வெட்கமாக இருந்தது.

இவர் அரிசிப் பானைப் பக்கம் போனார்.

"எதுக்குங்க?"

"அந்தப் புள்ள கேக்கணும்ல."

ஒரு குழாயை எங்கள் வாசல் தென்னையின் உச்சியில் கட்டினார், இன்னொன்றை வேலியில். இரண்டும் பண்ணை வீட்டைப் பார்த்தபடி. தடி வரும் என்று எனக்குத் தெரியும். தடுத்திருக்கலாம். ஊசியை எடுத்து ரெக்கார்டில் வைத்தது நான்தான்.

பாட்டு பாதியில் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். இவர் ஆம்ப்ளிஃபயர் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். முதுகில் நாலு அடி. வேலிக் குழாய் நசுங்கியது. தென்னைக் குழாய் எட்டவில்லை. முழுப்படியும் பாடி முடித்தது. அதற்குள் பண்ணை வீட்டு மாடி ஜன்னல் திறந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கடைசிவரை எந்தக் கல்யாணத்துக்கும் ஒரே குழாய்தான் கட்டினார். இன்னொன்று வாங்கச் சொன்னால், "இது போதும் ஷம்சாத்" என்பார்.